வேளை தவறாமல் உண்டவை: காங்கேசன்துறைக்கு இக்கரையும் அக்கரையும்

முதலாம் நாள்: யாழ்ப்பாணம்

என் சின்னம்மாவின் மகன் சென்ற கிழமை திருச்சியிலிருந்து கப்பலில் வந்து இறங்கினான். 1990இல், ஒன்பது வயதில், பெற்றோரோடு படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனவன். ஊரைப் பற்றி அவனுக்கு எஞ்சியிருக்கும் நினைவுகளில் பாதி, சின்னம்மாவின் கைச் சமையலாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன. வந்த அன்றே அவன் என்னுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டான். "அக்கா, இங்க சாப்பிட வேண்டியதை ரெண்டு நாளில எனக்குக் காட்டுங்கோ. பிறகு உங்களையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தை நான் காட்டுறன்." விசா எடுத்தாயிற்று, பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. இன்று முதல், அன்றன்று உண்டதையும் குடித்ததையும் அன்றன்றே எழுதுவதாக இருக்கிறேன்.

தொடங்குமுன் என் கொள்கை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓர் ஊரில் நல்ல கடை எது என்று கேட்பதை விட, எந்தச் சாப்பாட்டுக்கு எது வேளை என்று கேட்பதே எனக்குப் பழக்கம். காலை ஏழு மணிக்கு அமிர்தமாக இருக்கும் வடை பதினொரு மணிக்கு எண்ணெயில் ஊறிய கட்டியாகிவிடும். அதற்காகக் கடைக்காரரை நோவதில் பயனில்லை.

ஆகவே ஏழு மணிக்கே பெரிய கடையில் உள்ள மலாயன் கபேயில் இருந்தோம். பளிங்குக் கல் மேசைகள், நீண்ட கண்ணாடி அலுமாரிகள், வாழையிலை, சைவச் சாப்பாடு. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கடையின் முகம் மாறவில்லை. தோசையின் நிறமும் மணமும் அதன் வெந்தயத்தைச் சொல்லின. தோசைக்குத் தேங்காய்ச் சம்பல்தான் துணை. சாம்பார் வந்தாலும் அது விருந்தாளி மாதிரி ஓர் ஓரமாகத்தான் இருக்கும். உழுந்து வடை அலுமாரிக்குப் போகுமுன்னரே, கம்பியிலிருந்து இறங்கிய சூட்டோடு எங்கள் இலைக்கு வந்தது. சாப்பிட்டு முடித்த இலையை நாமே மடித்துக்கொண்டுபோய், கை கழுவும் இடத்தருகே உள்ள துவாரத்தில் போட வேண்டும். தம்பி இலையை மடித்து வைத்துவிட்டு, யாரேனும் வந்து எடுப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து ஆண்டுக்கால இந்திய வாழ்க்கை அந்த ஓர் இடத்தில்தான் வெளிப்பட்டது.

மதியத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை. வெயில் கொளுத்தியது, வீட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். நாலு மணிக்குத் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி உணவகத்துக்குப் போனோம். இது தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அருகில் உள்ள எங்கள் திருநெல்வேலி. ஊர்ப் பேச்சில் "தின்னவேலி" என்பதால், தின்பதற்கென்றே ஏற்பட்ட இடம் என்று என் கணவர் பழைய பகிடி ஒன்றை மறுபடி சொன்னார். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் தொடங்கப்பட்ட அந்த உணவகத்தில் பெண்களே சமைத்துப் பெண்களே விற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அடுப்பு, ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு பண்டம். குரக்கன் (கேழ்வரகு) பிட்டு, அப்பம், இலைக்கஞ்சி என்று கண்முன்னே சுட்டும் அவித்தும் தருகிறார்கள். நாங்கள் குரக்கன் பிட்டு வாங்கினோம். வாய்க்குள் நெறுநெறுக்காத குரக்கன் பிட்டைக் கடையில் சாப்பிடுவது அபூர்வம். மாவை வறுத்த கை பொறுமையான கை.

மாலையில் நல்லூர்க் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பருத்தித்துறை வீதியில் உள்ள றியோவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். கோயிலுக்குப் போய்விட்டு ஐஸ்கிரீம் சாப்பிடாமல் வீடு திரும்பும் குடும்பம் யாழ்ப்பாணத்தில் உண்டா என்பது ஐயமே. சுவை பெரிதென்று சொல்லமாட்டேன். அந்த வேளையும் அந்த வீதியும்தான் சுவை.

இரவு வீட்டில் ஒடியல் கூழ். கடைகளில் இன்று கூழ் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் கூழ் கூடிக் குடிப்பது, ஒருவர் தனியே கோப்பையில் வாங்கிக் குடித்தால் அது வெறும் மீன் கஞ்சி. பனங்கிழங்கை அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து எடுத்த மாவை நீரில் ஊறவைத்து, கயர்ப்பு நீங்க நீரை வடித்துவிட்டுத்தான் கூழுக்குக் கரைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். பெரிய பானையில் பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, கொஞ்சம் அரிசி ஆகியவை முதலில் வேக வேண்டும். பிறகு நண்டு, இறால், கணவாய், மீன் என்று, வேகும் நேரம் குறையக் குறையப் பிந்திப் பிந்திப் போட வேண்டும். கடைசியில் செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும், புளியும், மாக்கரைசலும், இறக்குமுன் ஒரு கைப்பிடி முருங்கையிலையும். முற்றத்தில் பாயை விரித்து, பலாவிலையைக் கோலி அள்ளிக் குடித்தோம். தம்பி மூன்றாம் முறை பானைக்குள் அகப்பையை விட்டபோது மூக்கால் நீர் வடிந்துகொண்டிருந்தது. மிளகாயா, வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்: வடமராட்சி

விடியப்புறம் ஐந்தரைக்கே வாகனத்தை எடுத்தோம். கருப்பணி குடிக்க வேண்டுமென்றால் வெயில் ஏறுமுன் போக வேண்டும். பனையின் பாளையைச் சீவி முட்டி கட்டும்போது, முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டால், இறங்குவது புளிக்காத இனிப்பு நீர்; அதுவே கருப்பநீர், எங்கள் வாயில் கருப்பணி. சுண்ணாம்பு இல்லாத முட்டியில் இறங்குவது மரத்திலேயே நுரைக்கத் தொடங்கிவிடும், அது கள். ஒரே மரம், ஒரே பாளை, இடையில் ஒரு விரல் சுண்ணாம்பு. வல்லைவெளியைக் கடக்கும்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வாகனத்தைத் தள்ளியது. நெல்லியடிக்கு அப்பால் இவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சீவல் தொழிலாளி ஐயா மரத்தால் இறங்கி வந்து, வடித்துத் தந்த கருப்பணியை நின்றபடியே குடித்தோம். அதில் லேசான புகைமணமும் சுண்ணாம்பின் ஒரு கீற்றும் இருந்தன. அந்தக் கீற்றும் இல்லாமல் தெளிவாக வேண்டும் என்பவர்கள் சீனித் தண்ணீர் குடிக்கலாம்.

பருத்தித்துறையில் வடை வாங்கினோம். தமிழ்நாட்டார் இதை வடை என்று ஒப்ப மாட்டார்கள் என்று தம்பி சொன்னான். அங்கே இதன் இனம் தட்டை. உழுந்தும் கோதுமை மாவும் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்துக் குழைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மெல்லியதாகத் தட்டிப் பொரிப்பது. பல நாள் கெடாது, ஆகவே வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பயணப்பெட்டியிலும் ஒரு பொதி இருக்கும். பொரித்த சூட்டில் சாப்பிடுவதை விட மறுநாள் சாப்பிடுவது சிறப்பு என்பது என் அபிப்பிராயம். வேளை பார்க்கும் கொள்கைக்கு இது ஒன்றே விலக்கு.

மதியம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி. அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற இடம். கோயிலைச் சூழ உள்ள மடங்களில், யார் எவர் என்று கேளாமல் சோறு போடுகிறார்கள். வரிசையாக நிலத்தில் இருந்தோம். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கீரை, அப்பளம், இரசம். பெரிய கிடாரத்தில் வெந்த பூசணிக்காய்க்கு வரும் சுவை வீட்டுச் சட்டியில் எப்படியும் வராது. நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். நல்ல உணவகங்களைப் பற்றிய குறிப்பில் மடத்தைச் சேர்ப்பது முறையா என்று இவர் கேட்டார். இந்தத் தீபகற்பத்தில் நான் உண்ட மதியச் சாப்பாடுகளில் இதற்கு மேலானது நாலைந்துதான் இருக்கும், முறையாவது ஒன்றாவது.

திரும்பும் வழியில் அச்சுவேலிக்கு அருகே தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லி ரசம் ஒரு போத்தல் வாங்கினோம். தண்ணீர் கலந்து குடித்தால் வெயிலுக்கு இதம்.

மாலையில் ஆண்கள் இருவரும் தவறணைக்குப் போனார்கள். தவறணை என்பது உத்தரவு பெற்ற கள்ளுக்கடை. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவது. நான் வாகனத்துக்குள் இருந்து வடை கடித்துக்கொண்டிருந்தேன். அங்கே பெண்கள் போவதில்லை, போகக் கூடாது என்று சட்டமில்லை, போவதில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்த தம்பியின் முகத்தில் ஒரு வியப்பு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவே தடை. பனை அங்கே மாநில மரம், ஆனால் அதன் கள் குற்றம். "போலீசு வரும் வரும் எண்டு பயந்து பயந்தே குடிச்சன் அக்கா, பக்கத்தில இருந்தவர் பேப்பர் வாசிக்கிறார்" என்றான்.

மூன்றாம் நாள்: கடல்

கப்பலுக்குப் போகிறவர் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது, வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. காலையில் அரைக் கோப்பை பிட்டும் வாழைப்பழமும். சம்பல் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

காங்கேசன்துறை வீதியால், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஊர்கள் கழிந்தன. சுன்னாகம் சந்தையருகே ஒரு தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ, அதாவது பால் விடாத தேத்தண்ணி, குடித்தோம். சீனி போடாமல், ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பழக்கம் இவருக்கு உண்டு. பனங்கட்டிக் குட்டான் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கடைக்காரர் அதைக் கண்டு, "ஐயாவுக்குச் சீனி இல்லாமல்" என்று கேளாமலே ஊற்றினார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஏறக்குறைய 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீற்றர் அளவு. இவ்வளவு அண்மையில் இருந்தும், பல பத்தாண்டுகளாக நாங்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறிச் சென்னையில் இறங்கித்தான் நாகப்பட்டினத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி கப்பல் சேவை தொடங்கி, வடகிழக்குப் பருவக்காற்றால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. மாரியில் ஓடாது, வைகாசியில் ஓடும், ஆனால் சோளகம் ஆட்டும்.

ஆட்டியது. நாலு மணித்தியாலப் பயணத்தில் இரண்டாம் மணித்தியாலத்துக்குப் பிறகு அருகில் இருந்தவர்களுள் பலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் பையில் கொண்டுவந்த வேர்க்கொம்பு (சுக்கு) துண்டை வாயில் அடக்கிக்கொண்டேன். முன் இருக்கையில் ஒரு பெரியவர் வறுத்த கச்சானைக் கடித்தபடி, எதுவும் நடக்காதது போல் வந்தார். பழைய தலைமன்னார்க் கப்பலில் போய்வந்த அனுபவசாலி என்று தம்பி காதுக்குள் சொன்னான். கேட்டுப் பார்த்தோம்; முதன்முறையாகக் கடலில் வருகிறாராம்.

நாகப்பட்டினத்தில் குடிவரவு, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வரப் பொழுது பட்டுவிட்டது. அங்கே தன் நண்பர் வீட்டில் விட்டிருந்த காரைத் தம்பி எடுத்துவந்தான். இரவுச் சாப்பாடு கடைத்தெருவில் பரோட்டாவும் சால்னாவும். நாங்கள் ரொட்டி என்பதை அவர்கள் பரோட்டா என்கிறார்கள். அடுத்த கல்லில் இரண்டு தகடுகள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன, எங்கள் ஊர்க் கொத்து ரொட்டிக் கடையின் அதே தாளம். கொத்துகிற சத்தத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை போலும். சால்னா மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மணம் முந்துகிறது, உறைப்பு பிந்துகிறது.

நான்காம் நாள்: நாகப்பட்டினம், நாகூர்

காலையில் தெருமுனைக் கடையில் டீ. இங்கே பால் என்றால் கறந்து காய்ச்சிய பால். எங்கள் ஊர்க் கடைகளில் பால் தேத்தண்ணி பெரும்பாலும் பால்மாவில்தான் போடுகிறார்கள். அந்தத் தடிப்பும் இனிப்பும் நாக்கில் ஊறிய எனக்கு, முதல் மிடறு மெல்லியதாகத் தெரிந்தது. இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கியபோதுதான் தேயிலையின் சுவை தெரிந்தது. எங்கள் மலையகத்தில் விளையும் தேயிலைக்குப் பெயர் போன நாடு, பாலை மாவாக்கிக் கரைத்துக் குடிக்கிறது.

வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பி, மதியம் நாகப்பட்டினத்திலேயே மீன் சாப்பாடு. இங்கே எனக்குப் பெரிய வேறுபாடாகத் தெரிந்தது கறியன்று, வரிசை. எங்கள் இலையில் சோற்றைச் சுற்றி எல்லாக் கறியும் ஒரே நேரத்தில் இருக்கும்; விரலால் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று குழைத்து, ஒவ்வொரு பிடியையும் வெவ்வேறு சுவையாக்குவோம். இவர்களுக்குச் சோறு அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது. முதலில் குழம்பு, அது முடிந்தால் இரசம், அது முடிந்தால் மோர். நான் மீன் குழம்புச் சோற்றில் பாதி இருக்கும்போதே இரசத்தை ஓரத்தில் ஊற்றச் சொன்னேன். பரிமாறிய அம்மா சற்று நின்று பார்த்து, "சிலோனாம்மா?" என்றார். சோறும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மொட்டைக்கறுப்பன் என்ற எங்கள் சிவப்பரிசிச் சோற்றுக்குப் பழகியவர்கள் இந்த மெல்லிய சோற்றைச் சாப்பிட்டு, ஒரு மணித்தியாலத்தில் மறுபடி பசிக்கிறது என்பார்கள். எனக்கு ஒன்றரை மணித்தியாலத்தில் பசித்தது.

அது நல்லதாய்ப் போயிற்று, ஏனெனில் நாகூர் வாடாவின் வேளை மாலை. தர்காவைச் சுற்றியுள்ள தெருக்களில் பிற்பகல் கழிந்ததும் சட்டிகள் ஏறுகின்றன. அரிசிமாவைத் தட்டி, உள்ளே வெங்காயக் கலவையை அடக்கி, மேலே முழு இறாலைப் பதித்துப் பொரிக்கிறார்கள். வெளியே முறுகல், உள்ளே வெங்காயத்தின் ஈரம், மேலே கடல். காரைக்காலிலும் இதைப் போடுகிறார்களாம். இரண்டு ஊராருக்குள்ளும் எது மூலம் என்ற வழக்கு உண்டு என்றான் தம்பி, தீர்ப்புச் சொல்ல நான் யார். பருத்தித்துறைக் கடற்கரையில் இப்படியொன்று ஏன் தோன்றவில்லை என்று யோசித்தபடி நாலு வாடா சாப்பிட்டேன். இறால் எங்களுக்கும் இருக்கிறது, அரிசிமாவும் இருக்கிறது.

ஐந்தாம் நாள்: கும்பகோணம், திருவையாறு

திருவாரூர் வழியாகக் கும்பகோணத்துக்கு வந்தோம். வாய்க்காலும் வயலுமான வழி. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, கிணற்றை நம்பிப் பிழைப்பவர்கள் நாங்கள், ஆகவே இவர் பாலத்துக்குப் பாலம் காரை நிறுத்தச் சொன்னார். இதனால் அரை மணித்தியாலம் பிந்தி, காலைச் சாப்பாட்டு வேளையின் வால்பக்கத்தில்தான் கும்பேசுவரர் கோயில் பக்கம் உள்ள மங்களாம்பிகா விலாஸுக்குள் நுழைய முடிந்தது.

டிகிரி காப்பி என்ற பெயருக்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். பாலின் தரத்தைப் பால்மானியை விட்டுப் பார்த்து, நீர் கலவாத பால் என்று உறுதி செய்ததால் டிகிரி என்பது ஒன்று. முதலில் இறங்கும் டிகாக்சனைக் குறிப்பது மற்றொன்று. எது உண்மையானாலும் காப்பியின் உயிர் பாலில்தான் இருக்கிறது என்பதை வாய் ஒப்புக்கொண்டது. பித்தளை டவராவில் ஊற்றி, ஆற்றி, நுரை அடங்குமுன் குடிக்க வேண்டும். நாங்கள் இதைக் கோப்பி என்போம். எங்கள் வீட்டுக் கோப்பியில் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடிப்பார்கள், தடிமனுக்கும் விருந்துக்கும் ஒன்றே. என் அம்மா இருந்திருந்தால், இந்தக் கும்பகோணத்துக் கோப்பியை "நல்லாத்தான் இருக்கு, ஆனால் மருந்துக்கு உதவாது" என்றிருப்பார்.

இட்லிக்குக் கடப்பா கிடைத்தது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்த கலவையும் சேர்ந்த வெளிறிய குழம்பு. இந்தப் பக்கத்துக்கே உரியது, எல்லா நாளும் எல்லாக் கடையிலும் போடுவதில்லை. முதல் வாயில் நான் சொதியை நினைத்தேன், ஏனென்றால் நிறம் அப்படி. இரண்டாம் வாயில் தெளிந்தேன். சொதியில் பருப்பும் கிழங்கும் தடிப்புக் கொடுப்பதில்லை. தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் வெங்காயமும் மஞ்சளும்தான், அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி. அடுப்பில் இருக்கும்போதே விட்டால் பால் திரைந்துவிடும். திருச்சியில் வளர்ந்த தம்பிக்கு இது தெரியவில்லை. "அம்மா சொதி வைக்கேக்க நான் ஒரு நாளும் அடுப்படிப் பக்கம் போகேல்லை அக்கா" என்றான். கும்பகோணத்துக் கடையில் இருந்துகொண்டு சொதி வைக்கும் முறையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்; பக்கத்து மேசைக்காரர் எழுதியே எடுத்துக்கொண்டார்.

மாலை திருவையாறு. ஆண்டவர் அல்வாக் கடையில் அசோகா அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்து, மேலே கொஞ்சம் காரம் தூவித் தந்தார்கள். பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சீனி, நெய். சூடாக, நின்றபடி, ஒரு கரண்டி அளவே சாப்பிட வேண்டும். பொதி செய்து வாங்கி இரவு தஞ்சாவூர் விடுதியில் திறந்தபோது நெய் உறைந்து, அது வேறொரு பண்டமாகியிருந்தது. என் கொள்கையை நானே மீறினால் இப்படித்தான்.

ஆறாம் நாள்: தஞ்சாவூரிலிருந்து மதுரை

இந்த நாளுக்காகவே தம்பி இரண்டு நாட்களாகப் பொடி வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். அதிகாலையில் புறப்பட்டு, புதுக்கோட்டையைத் தாண்டித் திருமயம் நோக்கிப் போகும்போது சாலையோரத்தில் நிறுத்தினான். பனையடியில் ஒரு பெண், ஒரு மண்பானை, பக்கத்தில் வெட்டிக் குவித்த நுங்கு. பனையோலையைக் கோலிக் கட்டிய பட்டையில் பதநீரை ஊற்றி, அதற்குள் நுங்கைத் தோண்டிப் போட்டு நீட்டினாள். குடித்தேன். புகைமணம், சுண்ணாம்பின் கீற்று. நெல்லியடிக்கு அப்பால் நாலு நாட்களுக்கு முன் குடித்த அதே நீர், பெயர் மட்டும் வேறு. ஆனால் பட்டையைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் ஊரில் இதே ஓலைக் கலத்துக்குப் பிளா என்று பெயர், சிறுவயதில் கண்டிருக்கிறேன், நெல்லியடியில் எங்களுக்குக் கருப்பணியைத் தந்தது எவர்சில்வர்க் குவளையில். இவர் பட்டையைக் கசக்கி எறியாமல் காயவைத்து எடுத்துக்கொண்டார். "கள் வேணுமெண்டால் நாங்கள் அங்க போக வேணும், பிளா வேணுமெண்டால் இங்க வர வேணும்" என்றார்.

மதியம் காரைக்குடி. செட்டிநாட்டுக் கோழிக் குழம்பைப் பற்றி எழுதாத பயணி இல்லை. எனக்கு அதில் ஒரு வழக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தூளில் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் முன்னரே வறுபட்டு இடிபட்டு ஒன்றாகிப் போத்தலில் இருக்கும். குழம்பில் விழும்போது அது ஒரே குரலில் பேசும். செட்டிநாட்டில் அன்றைக்கு வறுத்து அன்றைக்கு அரைக்கிறார்கள். கல்பாசி ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்கிறது. எங்கள் நண்டுக் கறிக்கு என் தூளை விட்டுக்கொடுக்க மாட்டேன். கோழிக்கு இவர்களே மேல். இதை ஊரில் சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது. சாப்பாட்டின் முடிவில் கவுனி அரிசி இனிப்பு வந்தது. வணிகத்துக்குப் பர்மா போன நகரத்தார் கொண்டுவந்த கறுப்பரிசி அது. அவர்கள் எங்கள் தீவிலும் நெடுங்காலம் வணிகம் செய்தவர்கள்தாம். எங்களிடமிருந்து எந்த அரிசியையும் கொண்டுபோனதாகத் தெரியவில்லை.

மதுரையில் வேளை என்ற என் கொள்கை சற்றுத் தடுமாறியது. அங்கே எந்நேரமும் ஏதாவது ஒன்றுக்கு வேளையாக இருக்கிறது. இருட்டும் நேரத்தில் தள்ளுவண்டியில் பருத்திப்பால்: பருத்திவிதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும். எங்கள் வேர்க்கொம்புக் கோப்பியின் தூரத்து உறவு என்று நாக்கு அடையாளம் கண்டது. பிறகு விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரிப் பாகு, கடற்பாசி, மேலே ஐஸ்கிரீம். இவருக்கு மிகவும் பிடித்தது, எனக்கு இனிப்பு கூடிப்போயிற்று. பாலைச் சுண்டவைத்த பக்குவத்துக்கு மட்டும் கும்பிடு. இரவு ஒன்பது மணிக்குச் சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறிதோசை. தடித்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்திய ஆட்டுக்கறி, திருப்பிப் போட்டு அழுத்தி வேகவைத்தது. ஒன்றை மூவர் பகிர்ந்தோம் என்று எழுத ஆசைதான். ஆளுக்கொன்று.

ஏழாம் நாள்: திரும்பும் வழி

எழுத ஒன்றும் இல்லை. பளபளப்பான நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில், முப்பது பக்கப் பட்டியலும் வேளையே இல்லாத சாப்பாடும். ஆறிய பொங்கலுக்குக் காத்திருந்த நேரத்தில் பாதி வழி போயிருக்கலாம். இரவு நாகப்பட்டினம். தம்பி என் பைக்குள் கும்பகோணத்துக் காப்பித்தூளையும் ஒரு பித்தளை வடிகட்டியையும் வைத்தான். நான் அவனிடம் மிச்சமிருந்த பருத்தித்துறை வடையையும், ஒரு போத்தல் சரக்குத் தூளையும் கொடுத்தேன். தூள் சின்னம்மாவுக்கு.

எட்டாம் நாள்: காங்கேசன்துறை, வீடு

பொதியின் எடை கூடியதால் கரையிலேயே ஊறுகாய்ப் போத்தல்கள் இரண்டை எடுத்துத் தம்பியிடம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஓலைப்பட்டை எடையில்லாதது, தப்பியது. கடல் இன்று அமைதியாக இருந்தது. நான் நித்திரையே கொண்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக வடிகட்டியைக் கழுவி, தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றினேன். டிகாக்சன் சொட்டுச் சொட்டாக, கறுப்பாக, கும்பகோணத்து மணத்தோடு இறங்கியது. பிறகுதான் அலுமாரியைத் திறந்தேன்; பால்மாப் பக்கற் ஒன்று இருந்தது. கரைத்து ஊற்றிப் பார்த்தேன். இவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை மெல்ல என் பக்கம் தள்ளினார். பட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு வந்து, சட்டைப் பையில் பனங்கட்டியைத் தடவியபடி, "ஒரு பிளேன்டீ போடுமன்" என்றார். பக்கத்து வீட்டில் மாடு கன்று போட்டு இரண்டு கிழமை. நாளை காலை ஆறு மணிக்குப் பால் கறக்கும் வேளைக்குச் செம்போடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.